வண்டி நிக்குது

என் மனைவி ஜவ்வரிசி ஆலைக்குக் களவேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வறுத்த ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி வெயிலில் காயவைப்பார்கள். அடிக்கடி கிளறிவிட வேண்டும். தின்கிற பொருள். அதனால் களத்தில் செருப்பு ஆகாது.

சித்திரை வெயிலில் அந்தக் களம் தோசைக்கல் மாதிரி இருக்கும். மற்ற பெண்கள் குதித்துக் குதித்துக் கிளறுவார்கள். இவள் நிதானமாக நடப்பாள். “இவளுக்குக் கல்லுக் காலு, சூடே ஒறைக்காது” என்று கேலி பேசுவார்கள். இவளும் பெருமையாகச் சிரித்துக்கொள்வாள். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

இடது காலில் கொப்புளம் வந்தது. உடைந்தது. புண் ஆனது. வலிக்கவில்லை. வலிக்காததால் அவள் பார்க்கவில்லை. லாரி டிரைவரான நான் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று தரையில் ஈரக் கறை இருந்தது. அப்போதுதான் காலைத் தூக்கிப் பார்த்தோம்.

நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டுக் கட்டுகிற சிஸ்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சு எங்களைப் போல இழுக்காது. இவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் நரம்பால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

“தொடறது தெரியுதாக்கா?”

“நீங்க இன்னும் தொடவே இல்லியேங்க.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் நரம்பைப் பார்த்தேன். அது அவள் பாதத்தில் வளைந்து நின்றது.

விரல் வீங்கியிருந்ததால் அந்தக் கால் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே வரும்போது போன் நம்பர் கேட்டார்கள். என் நம்பரைச் சொன்னேன். கேஸ், ரேஷன், பேங்க் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த வாரமே புனேவுக்கு லோடு. ஜவ்வரிசிதான். அவள் காலைப் பொசுக்கின சரக்கைத்தான் நான் ஏற்றிக்கொண்டு போனேன். பிழைப்பு அது.

என்னோடு இன்னொரு டிரைவர் உண்டு. பரமத்தி வேலூர்க்காரர். என் வயசு. எப்போதும் வாயில் வெற்றிலை இருக்கும். மாற்றி மாற்றி ஓட்டுவோம். தும்கூர் தாண்டினதும் என் போனில் மெசேஜ் வந்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“வணக்கம். நாளை கட்டு மாற்ற வாருங்கள். காலை நனைக்க வேண்டாம்.”

“ஏனுங்கண்ணா, உங்க காலுக்கு என்ன?” என்றார் அவர்.

“என்ற காலு இல்ல. ஊட்டுல.”

“ஊட்டுக் காலுக்கு உங்களுக்கு எதுக்கு மெசேஜு? நீங்க தும்கூருலயில்ல இருக்கறீங்க?”

வீட்டுக்குப் போன் போட்டேன். என் பழைய போன் ஒன்று அவளிடம் இருந்தது. நாடகம் பார்க்கவும் என்னோடு பேசவும் வைத்திருந்தாள்.

“ஏ புள்ள, காலை நனைச்சியா?”

“ஆரு சொன்னா?”

“ஆசுபத்திரில இருந்து மெசேஜு வந்துது. நனைக்கப்படாதாம்.”

“அவிங்க எதுக்கு உங்களுக்குச் சொல்றாங்க? காலு எனக்கில்ல இருக்குது?”

“நம்பரு என்றது குடுத்தேன்.”

“ஏன், என்ற நம்பரைக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சாக்கு?”

“நனைச்சியா இல்லியா?”

“இல்லீங்க. நல்லா இருக்குதுங்க. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. டிரைவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் இருக்கிற ஆளுக்குக் கெட்ட சேதி சொல்லமாட்டார்கள். கை ஸ்டியரிங்கில் இருக்கையில் மனசு வேறு எங்கும் போகக்கூடாது. என் அப்பா இறந்தபோது, “அப்பாவுக்கு மேலுக்குச் சித்தெ முடியல, வந்து பாத்துட்டுப் போ” என்றுதான் சொன்னார்கள். நாமக்கல் வந்து வண்டியை விட்டு இறங்கின பிறகுதான் விவரம் சொன்னார்கள். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதனால் நடந்தது இது. சிஸ்டர் என்னைக் கேட்பார். நான் இவளைக் கேட்பேன். இவள் நல்லா இருக்குதுங்க என்பாள். நான் சிஸ்டருக்கு ‘நல்லா இருக்கு’ என்று அனுப்புவேன். நாமக்கல்லில் கேட்ட கேள்வி கர்நாடகத்துக்குப் போய், எங்கள் ஊருக்கு வந்து, மறுபடியும் கர்நாடகம் போய் நாமக்கல் சேரும். எங்கள் வீட்டுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு டவுன் பஸ் தூரம்தான்.

ஹூப்ளி தாண்டும்போது சிஸ்டர் எழுதியிருந்தார். “அக்கா கட்டு மாற்ற வரவில்லை. புண் எப்படி இருக்கிறது?”

கேட்டேன்.

“நல்லா இருக்குதுங்க. அதனாலதான் போகல.”

அதையே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “நல்லா இருக்குன்னா ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க அண்ணா.”

இது சிஸ்டரின் கெட்டிக்காரத்தனம். வார்த்தையை நம்பவில்லை.

போட்டோ மறுநாள் காலையில் வந்தது. பெல்காம் தாண்டி ஒரு ஹோட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பாதம் பளிச்சென்று இருந்தது. கழுவித் துடைத்து, மஞ்சள்கூடப் பூசியிருந்தாள்.

வேலூர்க்காரர் எட்டிப் பார்த்தார். “அட, நல்லா ஆறிப்போச்சுங்களே. எங்கூட்டுக்காரி காலு நோவு இல்லாமயே இதை விட மோசமா இருக்கும்.”

எனக்கும் முதலில் சந்தோசம்தான். அப்புறம் பார்த்தேன். இரண்டாவது விரலில் மெட்டி இருந்தது.

டீயை வைத்துவிட்டேன்.

“என்னாச்சுங்க?”

“இது வேற காலு.”

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டிலும் இதே வழக்கம்தானே.

அவளுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் நல்லா இருக்குதுங்க என்பாள். நான் ரோட்டில் இருக்கிற வரைக்கும் என்னிடம் வேறு எதுவும் சொல்லமாட்டாள். ஆனால் சிஸ்டர் ரோட்டில் இல்லை.

எழுதினேன். ஒற்றை விரலில் தேடித் தேடி அடித்தேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

“சிஸ்டர் இது வலது கால். புண் இடது. என்னிடம் சொல்ல மாட்டாள். நீங்களே கேளுங்கள். அவள் நம்பர் கீழே.”

உடனே பதில் வந்தது. “இந்த நம்பரை ஏன் முதலிலேயே தரலை அண்ணா?”

“யாரும் கேக்கலை சிஸ்டர்” என்று போட்டேன். அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு என்ன பேசினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. “அக்கா, அண்ணன் கிட்ட சொல்லாதீங்க, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நாத்தம் அடிக்குதா?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு இவள் அழுதுவிட்டாளாம். விரல் கறுத்து வந்ததை அவளே இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சிஸ்டர் உடனே கிளம்பி வரச் சொன்னார். வெண்ணந்தூரில் இருக்கிற அவள் அக்காள் வந்து கூட்டிப்போனாள்.

அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. நான் வண்டியில் இருந்தேன். ஸ்டியரிங் என் கையில். மெசேஜ் சத்தம் கேட்டது. வேலூர்க்காரர் எடுத்துப் படித்தார்.

“வண்டி ஓட்டறீங்களான்னு கேக்குறாங்க.”

“ஆமான்னு போடுங்க.”

போட்டார். பதில் வந்தது.

“நிறுத்திட்டுச் சொல்லுங்கங்கறாங்க. அவசரமில்ல, ஓரமா நிறுத்திட்டுச் சொல்லுங்கன்னு இருக்குது.”

கோலாப்பூருக்கு இந்தப் பக்கம், லாரிகள் நிற்கிற ஒரு மைதானம் வந்தது. உள்ளே விட்டு நிறுத்தினேன். நானே எழுதினேன்.

“வண்டி நிக்குது.”

சிஸ்டர் எழுதினார். “அக்கா இங்கதான் இருக்காங்க. பயப்படாதீங்க. ஒரு விரல் கறுத்திருக்கு. டாக்டர் பாத்துட்டார். அந்த விரலை இன்னைக்கே எடுக்கணும். தள்ளிப்போட்டா பாதமே போகும். நீங்க ஊருக்கு வராம சம்மதிக்க மாட்டேன்னு அக்கா சொல்றாங்க. நீங்க பேசுங்க.”

இரண்டு முறை படித்தேன். ஒருமுறை எனக்கு, ஒருமுறை வேலூர்க்காரருக்கு. அவர், “ஒத்த வெரலுதானுங்க” என்றார். ஆறுதலுக்குச் சொன்னார்.

கூப்பிட்டேன்.

“ஏ புள்ள.”

“சொல்லுங்க.”

“எடுக்கச் சொல்லு.”

“நீங்க வாங்க. அப்புறம் பாக்கலாமுங்க.”

“நான் வார வரைக்கும் அது நிக்காதாம். வெரலு போனாப் போகுது. காலு வேணும்.”

அப்புறம் சொன்னாள்.

“மெட்டி வெரலுங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பயம் அறுக்கிறதைப் பற்றி இல்லை.

“நீங்க ரோட்டுல இருக்கறப்ப அந்த வெரலைப் போயி எடுக்கச் சொன்னா எப்புடீங்க? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? என்னால முடியாதுங்க. நீங்க ஊடு வந்து சேருங்க, அப்புறம் காலையே வேணும்னாலும் எடுத்துக்கட்டும்.”

அதையெல்லாம் நம்பாதே என்று நான் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் கட்டாமல் நானும் வண்டி எடுத்ததில்லை.

யோசித்தேன். முன்னால் வண்டி நின்றது. என்ஜின் அணைந்துதான் இருந்தது.

“நான் ரோட்டுல இல்ல” என்றேன்.

“பின்ன?”

“வண்டி ஓரங்கட்டி நிக்குது. நான் கீழ நிக்கறேன். நீ முடிஞ்சு வெளிய வார வரைக்கும் நிக்கும். எடுக்க மாட்டேன்.”

“லோடு?”

“லோடு எங்க போகுது? மேலதான் இருக்குது.”

“ஓனரு வைவாருங்க.”

“வையட்டும்.”

“டயருக்குக் கல்லு வெச்சீங்களா?”

டிரைவர் பொண்டாட்டி அல்லவா. சும்மா நிறுத்தின வண்டிக்கும் நிற்கப்போகிற வண்டிக்கும் வித்தியாசம் தெரியும். இல்லை என்றேன். வெச்சுட்டுப் படம் புடிச்சு சிஸ்டருக்கு அனுப்புங்க என்றாள்.

வேலூர்க்காரர் பெரிய கல்லாகப் பார்த்து உருட்டிக்கொண்டு வந்தார். முன் டயருக்கு ஒன்று, பின்னால் ஒன்று வைத்தோம். படம் எடுத்து அனுப்பினேன். சிஸ்டர் அவளிடம் காட்டியிருக்கிறார். அவர் எழுதின பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

“அது வேற வண்டியா இருக்கும்னு அக்கா சொல்றாங்க. நம்பர் பிளேட் தெரியணுமாம்.”

காலை மாற்றி அனுப்பினவள் கேட்கிறாள். வேலூர்க்காரர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் ஆகிவிட்டது. நம்பர் பிளேட்டும் கல்லும் ஒன்றாகத் தெரிகிற மாதிரிக் குனிந்து, மண்ணில் முட்டி போட்டு எடுத்தேன். அனுப்பினேன்.

“சரின்னுட்டாங்க. உள்ள கூட்டிப்போறோம்” என்று வந்தது.

அதற்கப்புறம் வேலை ஒன்றும் இல்லை. வண்டி நிழலில் உட்கார்ந்தோம். ஓனர் கூப்பிட்டார். வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குப் போனிலேயே தெரியும்.

“என்னப்பா, ஒரே எடத்துல புள்ளி நிக்குது? பஞ்சரா?”

“இல்லீங்க. ஊட்டுல ஆப்பரேசனுங்க. முடியற வரைக்கும் எடுக்க மாட்டனுங்க.”

“ஆப்பரேசன் நாமக்கல்லுல, வண்டி கோலாப்பூருல. இது நின்னா அதுக்கென்னப்பா?”

மெட்டி விரல் என்று சொன்னேன். அவரும் ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர்தான்.

“கல்லு வெச்சயா?” என்றார்.

“வெச்சாச்சுங்க.”

“சரி, நில்லு. பார்ட்டிகிட்ட நான் பேசிக்கறேன்.”

சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம் சிஸ்டர் ஒரு மெசேஜ் போட்டார். “உள்ளேதான் இருக்காங்க. எல்லாம் சரியா போகுது. வண்டி நிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நிக்குதுன்னு சொல்லியிருக்கேன்.” பாதத்தை மட்டும்தான் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். வாய் நன்றாக இருந்திருக்கிறது.

நிற்கிறது என்று நான் மறுபடியும் அனுப்பினேன். கேட்காமலே அனுப்பினேன். கொஞ்சம் கழித்து இன்னொன்று அனுப்பினேன். செய்ய வேறு என்ன இருந்தது? வண்டியைச் சுற்றி வந்து டயர்களைத் தட்டிப் பார்த்தேன். தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். வேலூர்க்காரர் படுத்துக்கொண்டே, “அதை எத்தனை தடவைதாங்க கட்டுவீங்க? கயிறு தேஞ்சு போயிரும்” என்றார்.

வெயில் தாழ்ந்தபோது வந்தது.

“முடிஞ்சுது அண்ணா. ஒரு விரல்தான். மத்ததெல்லாம் நல்ல சிவப்பா ரத்தம் ஓடுது. பாதம் தப்பிச்சுது. அக்கா பேசணுமாம், ஆனா இப்ப தூங்கறாங்க. நீங்க வண்டியை எடுக்கலாம்.”

வேலூர்க்காரர் கல்லை எடுக்கப் போனார். கொஞ்சம் இருங்க என்றேன். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவரே ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கட்டில் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எளைச்சுட்டீங்க” என்றாள். காலில் கட்டியிருந்த துணியை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். வலது காலில் இரண்டு மெட்டி போட்டிருந்தாள், அடுத்தடுத்த விரல்களில். அது அவளாக எடுத்த முடிவு.

களவேலையை விட்டுவிட்டாள். இப்போது ஆஸ்பத்திரி மெசேஜ் எல்லாம் அவள் போனுக்குத்தான் போகிறது. நான் ரோட்டில் இருந்தால் எனக்கு ஒன்றும் வராது. வண்டியை நிறுத்திவிட்டு நிறுத்தின விவரத்தை நான் போட்டால், இருக்கிறது இருக்கிறபடி சிஸ்டர் எழுதுவார். வீங்கியிருந்தால் வீங்கியிருக்கு. நல்லா இருந்தால் நல்லா இருக்கு. இதை ஏற்பாடு செய்தது அவர்கள் இரண்டு பேரும். என்னைக் கேட்கவில்லை. சரியான ஏற்பாடுதான்.

இவளும் எழுதப் பழகிவிட்டாள். என்னைவிட வேகம். போன தடவை வீட்டுக்கு வந்தபோது அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

“இதைப் படிங்க. நாயத்தைச் சொல்லுங்க.”

படித்தேன். ஆஸ்பத்திரியில் இவளுக்குத் தனியாக மெத்தென்ற ஒரு செருப்புக் கொடுத்திருக்கிறார்கள். வெறுங்காலோடு ஓர் அடிகூட நடக்கக்கூடாது. சண்டை அதைப் பற்றி.

“அக்கா, வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும்.”

“அடுப்படியிலயுமா?”

“அடுப்படியிலயும்தான்.”

“சாமி மாடத்துக்கு முன்னாலயுமா?”

இதற்குச் சிஸ்டர் உடனே பதில் போடவில்லை. மறுநாள் போட்டிருந்தார்.

“அங்க ஒரு நாற்காலி போட்டுக்குங்க. போய் உக்காந்துட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, உக்காந்தபடியே கும்பிடுங்க.”

“உக்காந்தா வெளக்கு எட்டாது. எங்க சாமி ஒசரத்துல இருக்குது.”

“அண்ணன் வந்தா சாமியை இறக்கி வைக்கச் சொல்லுங்க. கால் இறங்கக்கூடாது, சாமி இறங்கலாம்.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“என்னுங்க, ஒண்ணும் சொல்லாம இருக்கறீங்க? அந்தப் புள்ள பேசறது நல்லாவா இருக்குது?”

எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் டிரில்லிங் மிஷின் வாங்கி வந்தேன். சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தேன். மாடம் என்பது சுவரில் அடித்த ஒரு பலகைதான், அதைக் கழற்றினேன். அவள் செருப்போடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிக் காட்டினாள்.

“இந்த ஒசரம்.”

குறித்துக்கொண்டேன்.

“இல்லீங்க, இன்னும் ஒரு வெரக்கடை எறக்குங்க. கை நோவாம எட்டோணும்.”

இறக்கி அடித்தேன். படங்களைத் துடைத்து வைத்தேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே விளக்குத் திரியைத் தூண்டினாள். எட்டியது. அப்புறம் போனை எடுத்துச் சிஸ்டருக்கு என்னவோ எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. சுவரில் பழைய பலகை இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்தது. சிமெண்டு வாங்கக் கடைக்குப் போனேன்.